அவர் சொன்னதும் நான் டைப் அடித்ததும்

திருவையாற்றில் தாலுகா ஆபீசுக்கு எதிரே எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடிக்கடி மக்கர் பண்ணுகிற ஒரு ஜெராக்ஸ் மிஷின், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. மனு டைப் அடித்துத் தருவதுதான் தொழில். முப்பது வருஷம் ஆகப்போகிறது. முதலில் டைப்ரைட்டர் வைத்திருந்தேன், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினேன்.

வருகிறவர்கள் யாரும் விஷயத்தை முதலில் சொல்ல மாட்டார்கள். பட்டாவில் பேர் தப்பு என்று ஒருவர் வருவார். பேச்சு அவருடைய சித்தப்பா கல்யாணத்தில் ஆரம்பிக்கும். நடுவில் ஒரு மாடு சாகும், ஒரு மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "விஷயத்துக்கு வாங்க" என்பேன். என் வாயில் அதிகமாக வந்த பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது பக்கத்தை எந்த அதிகாரியும் திருப்ப மாட்டார். அழுகை, சாபம், சித்தப்பா கல்யாணம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, சர்வே நம்பரையும் கோரிக்கையையும் மட்டும் வைத்து அடித்துக் கொடுப்பேன். "அந்தம்மா அடிச்சா மனு நவுரும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

நிலக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு எனக்கு வேலை கூடியது. ஏற்றும்போது சிலருக்குப் பேரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். சிலருக்கு ஒரு சர்வே நம்பரே விட்டுப்போயிருக்கும். நாலு தலைமுறையாக உழுகிற வயல் கண்ணெதிரே பச்சையாக நிற்கும், கம்ப்யூட்டரில் இருக்காது. கம்ப்யூட்டரில் இல்லையென்றால் அது வேறு எங்கேயும் இல்லை. "விடுபட்டதைச் சேர்க்க வேண்டி" என்று தலைப்புப் போட்டு எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஜனங்கள் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கிற கேள்வி, "ஏறிடுச்சா?" என்பதுதான். ஏறிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

என் வீட்டுக்காரர் தன் மனசையும் அப்படி ஏற்றிவிடலாம் என்று நம்பியதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஏற்றுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். நானும் ஏற்றினேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் லஸ்கர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஆளுக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பேர்தான். ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதைப் படுத்த இடத்திலிருந்தே சொல்வார். ஓய்வு பெற்ற பிறகும் டீ குடிக்கிற சாக்கில் காலையில் தலைப்புக்குப் போய்ப் புது லஸ்கரின் உயிரை எடுப்பார்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் காலை அவராகவே போய் நாலு ஷட்டரையும் இறக்கிவிட்டார். கேட்டதற்கு, "ஆத்துல வெள்ளம் வருது, ஊரு முழுவிப்போவும்" என்றாராம். ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. புது லஸ்கர் நல்ல மனுஷன். ஷட்டரைத் திரும்பத் தூக்கிவிட்டு, இவரைப் பைக்கில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். "அக்கா, அண்ணனுக்கு என்னமோ சரியில்ல. பாத்துக்குங்க" என்றார்.

தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டினோம். தலையைப் படம் எடுத்தார்கள். நிறையக் கேள்வி கேட்டார்கள். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று டாக்டர் கேட்டதற்கு இவர், "இன்னைக்கு முறை எந்த வாய்க்காலுக்குன்னு சொல்லுங்க சார், கிழமையை நான் சொல்றேன்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவருக்குக் கிழமை அப்படித்தான் தெரியும் என்று நான் விளக்கினேன். டாக்டர் சிரித்துவிட்டு, பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது மறதி நோய், மாத்திரையில் கொஞ்சம் தள்ளிப்போடலாம், திரும்பாது என்றார். தனியாகச் சொன்னது வீண். இவர் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பாலம் வரும்போதும் ஆற்றின் பேரைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். வடவாறு. வெண்ணாறு. வெட்டாறு. குடமுருட்டி. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் என் பக்கம் திரும்பி, "எல்லாம் இருக்கு" என்றார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பாலத்து வெயில் என்று நினைத்திருப்பார்.

எங்கள் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"ஏன்டா, மனுஷன் மனசைக் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாமாமே? டிவியில சொன்னான்."

"ஏத்தலாம்னு சொல்றவங்க இருக்காங்கப்பா. ஆனா மூளையில எது எங்க இருக்குன்னே இன்னும் சரியாத் தெரியாது. நம்ம காலத்துல நடக்காது."

"பட்டாவை ஏத்தறேன்னப்பவும் இப்படித்தான் சொன்னானுவோ. ஏத்தலையா?"

"பட்டா வேற, மனசு வேறப்பா."

"நாத்தங்கால்லேருந்து நாத்தைப் பறிச்சுக் கொண்டாந்து வயல்ல நடுறோம். ரெண்டு நாளைக்குத் துவண்டு கெடக்கும். மஞ்சளா வெளுத்துப்போவும். செத்துச்சுன்னு நெனைப்போம். அப்புறம் பச்சை புடிச்சிக்குது. பயிருக்கு நடக்குறது மனுஷனுக்கு நடக்காதா?"

மகன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஒண்ணு செய்யலாம்பா. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதை எல்லாம் சொல்லுங்க. போன்ல ரெக்கார்டு பண்ணி வைப்போம். பின்னாடி அதை வச்சு ஏதாவது செய்ய முடியுமான்னு பாக்குறேன்" என்றான்.

நான் நடுவில் புகுந்தேன். "ரெக்கார்டு எதுக்கு? இருமலும் செருமலுமா இருக்கும். பாதி கெட்ட வார்த்தையா இருக்கும். என் தொழிலே அதுதானே, நான் சுத்தமா அடிச்சுத் தரேன்."

"அடி. ஆனா ரொம்ப அலசிடாத" என்றார் அவர். "நாத்து வேரைத் தண்ணியில போட்டு ரொம்ப அலசினா அறுந்துபோவும்."

மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசியா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு சிரித்ததாக ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல், ஆபீஸ் விட்டு ஆட்கள் குறைந்த பிறகு, கடைக்கு வருவார். மனு கொடுக்கிறவர்கள் உட்காருகிற அதே பெஞ்சில் உட்காருவார். முதல் நாள் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மனசு என்ற ஒன்றுக்குப் படிவம் கிடையாது. பழக்க தோஷத்தில் பெயர், தந்தை பெயர், வயது, முகவரி என்று வரிசையாக அடித்துவிட்டு, "குடும்ப விவரம். பிள்ளைங்க எத்தனை?" என்று அவரையே கேட்டேன்.

"ரெண்டு" என்றார்.

என் விரல் நின்றுவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் அந்த எண்ணைச் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் உயிரோடு இருக்கிறவர்களைத்தான் எழுத வேண்டும், அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "மகன் ஒருவர்" என்று அடித்தேன். திரையைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி வீட்டில் இருந்தது.

எங்களுக்கு மூத்தது பெண். அஞ்சு வயசு. பேர் வைத்திருந்தாலும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். தம்பி அப்போது கைக்குழந்தை.

கோடையில் வாய்க்கால் காய்ந்து வெறும் மணலாகக் கிடக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டுத் திடல். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வந்து சேருகிற அன்றைக்குப் பெரியவர்கள் கரையில் நின்று பூவையும் நெல்லையும் போட்டுக் கும்பிடுவார்கள். பிள்ளைகள் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி, நுரையும் சருகுமாக ஊர்ந்து வருகிற தண்ணீருக்கு முன்னால் கத்திக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீர் முதலில் மெதுவாகத்தான் வரும் என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். சின்ன வயசில் நானும் அப்படி ஓடியவள்தான்.

அன்றைக்கு இவர் தலைப்பில் ஷட்டரைத் திறந்தார். திறக்கச் சொன்ன நேரத்தில், திறக்கச் சொன்ன அளவு. ஊருக்குள் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு வண்டிப்பாதை போகிறது. பாதைக்கு அடியில் தண்ணீர் போக ஒரு சிமெண்டுக் குழாய் இருக்கும். ஓடிவந்த பிள்ளைகள் எல்லாரும் அங்கே கரையேறினார்கள். பாப்பா மட்டும் ஏறாமல் குழாய்க்குள் போய் ஒளிந்திருக்கிறாள். பின்னாலேயே வந்த முள்ளும் சருகும் குழாயின் வாயை அடைத்துக்கொண்டன. ஒரு பிள்ளை குறைகிறது என்பதை யாரோ கவனித்தபோது தண்ணீர் கரைவரை ஏறியிருந்தது.

இவர் சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். அவளை என் மடியில் போட்டிருந்தார்கள். நான் அவரை நிமிர்ந்து பார்த்து, "உங்க கையாலதானே தொறந்தீங்க" என்றேன்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் அதே கைகளால் அதே ஷட்டரைத் திறந்து மூடினார். ஒவ்வொரு வருஷமும் புதுத் தண்ணீருக்கு முதல் நாள் அந்தக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவார் என்று ஊரில் சொல்வார்கள். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்காத வருஷம் கிடையாது. நெல் அறுவடை முடியட்டும், மகன் பரீட்சை முடியட்டும் என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தது. சொல் அப்படியே கிடந்தது.

அவள் படத்தைச் சுவரில் மாட்ட நான் விடவில்லை. அவள் பேரை யாரும் எடுக்கவும் விடவில்லை. ரேஷன் கார்டிலிருந்து அவள் பேரை நீக்க ஒரு மனு கொடுக்க வேண்டியிருந்தது. அவரால் எழுத முடியவில்லை. நான் எழுதினேன். காரணம், இறப்பு. நாலே வரி. வாங்கிப் பார்த்த கிளார்க், "தேவையானது மட்டும் இருக்கே. நீங்களே எழுதினதாம்மா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மனு அதுதான். மறு வருஷம் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம் நான் இதைச் சொன்னதில்லை.

அவர் மனசைச் சொன்ன விதம் வேடிக்கையாக இருக்கும். பிறந்தேன், வளர்ந்தேன் என்று சொல்ல மாட்டார். வாய்க்காலின் தலைப்பில் ஆரம்பித்துத் தண்ணீர் போகிற வழியிலேயே போவார். "மூணாவது ஷட்டர் ஒரு சனியன், லேசுல எழும்பாது, பொண்டாட்டிகிட்ட பேசுற மாதிரி கெஞ்சித்தான் தூக்கணும்" என்பார். நான், "மூன்றாவது ஷட்டர் சற்று இறுக்கமாக இருக்கும்" என்று அடிப்பேன். அடுத்து வாழைக்கொல்லை. அங்கே கரையில் நண்டு வளை. அந்த நண்டு வளையை அடைக்கப் போனபோது அவருக்கும் பங்காளிக்கும் நடந்த சண்டை. சண்டையில் பேசியது அத்தனையும் ஏற்ற இறக்கத்தோடு வரும். "கரை பராமரிப்பு தொடர்பாகக் கருத்து வேறுபாடு ஏற்பட்டது" என்று அடிப்பேன். சொன்னதையே சொன்னால் வெட்டுவேன். வருஷம் மாறினால் திருத்துவேன். ஒரு மணி நேரப் பேச்சு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எனக்குத் திருப்தியாக இருக்கும்.

எந்தப் பக்கமாகப் போனாலும் ஒரு கட்டத்தில் தண்ணீர் அந்த வண்டிப்பாதைக்கு வந்துவிடும். அங்கே அவர் குரல் இறங்கும்.

"அன்னைக்கு அந்தக் குழாயை ஒரு எட்டு வந்து பாத்துட்டுத் தொறந்திருக்கலாம்" என்றார் முதல் தடவை.

"விஷயத்துக்கு வாங்க" என்றேன்.

திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி குழாயைத் தாண்டி அந்தப் பக்கம் போய் மறுபடி ஆரம்பித்தார். மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும். நான் ஒரு நாளும் அதை அடிக்கவில்லை. நான் அடித்து வைத்திருக்கிற வாய்க்காலில் இன்றைக்கும் அந்த வண்டிப்பாதை இல்லை, அதற்கு அடியில் குழாயும் இல்லை. தண்ணீர் வாழைக்கொல்லையிலிருந்து நேராகப் பெரிய வயலுக்குப் போய்விடுகிறது.

மாசங்கள் போகப் போக அவர் பேச்சு குறைந்தது. பங்காளி சண்டை போயிற்று. நண்டு வளை போயிற்று. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த ஆறுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் காவிரியைக்கூட, "அந்தப் பெரிய தண்ணி" என்றார். அந்தக் குழாய் மட்டும் போகவில்லை. அது அவருக்குள் பழசாகவும் இல்லை. முன்பு நடந்ததாகச் சொன்னவர், பிறகு இப்போது நடப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"பாப்பா குழாய்க்குள்ள இருக்கு. நான் இன்னும் தொறக்கலைல்ல?"

பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்பார். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைய பொழுதுக்காவது அந்தக் கைகளை வெளியே எடுத்திருப்பார். ஆனால் அதைச் சொல்ல நானும் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை வருஷம் அவர் தனியாக நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

"விஷயத்துக்கு வாங்க" என்றேன்.

ஒரு நாள் அவருக்கு நான் யார் என்பதும் போய்விட்டது. டைப் அடிக்கிறதைப் பார்த்து ஏதோ ஆபீஸ் என்று நினைத்துவிட்டார். எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கை கூப்பினார்.

"மேடம், இதைக் கொஞ்சம் எழுதிக்குங்க மேடம். பாப்பா உள்ள இருக்கு. தொறக்கச் சொல்லாதீங்கன்னு பெரிய சார்கிட்ட சொல்லுங்க."

கல்யாணம் ஆன நாளாக அவர் யாரிடமும் கை கூப்பி மனு கொடுத்து நான் பார்த்ததில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு மனு அடித்துக் கொடுத்தவள், அவர் கொடுத்த ஒரே மனுவை வாங்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "நேரமாச்சு, வாங்க வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரைக் கடைக்குக் கூட்டிப்போகவில்லை.

சொல்ல ஆரம்பித்த இரண்டாம் வருஷம், ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து படுத்தார். நாலு நாளில் போய்விட்டார். சாம்பலைக் காவிரியில் கரைத்தபோது தண்ணீர் கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. மகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். "ஆழத்துக்குப் போவாத, போவாத" என்று நான் கரையில் நின்று கத்தியதில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ செய்தான். நான் அடித்து வைத்திருந்தது எல்லாவற்றையும் ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தான்.

"மனசை ஏத்திட்டேன்னு நெனைச்சுக்காதம்மா. அது யாராலயும் முடியாது. அப்பா சொன்னதை வச்சு அப்பா மாதிரி பதில் சொல்லும். அவ்வளவுதான்" என்றான். அவன் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் நான் தலையை ஒதுக்கிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டுதான் அதற்கு முன்னால் உட்கார்ந்தேன். வேறு எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

மகன் முதலில் கேட்டான். ஷட்டரைப் பற்றிச் சொல்லுங்கப்பா என்று அடித்தான். திரையில் பதில் வந்தது.

"மேற்படி வாய்க்காலின் தலைப்பில் நான்கு ஷட்டர்கள் உள்ளன. அவற்றில் மூன்றாவது ஷட்டர் சற்று இறுக்கமாக இருக்கும்."

மகன் சிரித்துவிட்டான். "அப்பா எப்பம்மா 'மேற்படி'ன்னாரு? மூணாவது சனியன்னுதானே சொல்லுவாரு."

நான் சிரிக்கவில்லை. அவன் இன்னும் நாலைந்து கேள்வி கேட்டான். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. ஒரு பிழை இல்லை, ஒரு கோபம் இல்லை, ஒரு இருமல் இல்லை. தேவையானது மட்டும் இருந்தது. அது என் வீட்டுக்காரர் இல்லை. முப்பது வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து மனு அடிக்கிறவள்தான் அங்கே இருந்தாள். அவரை ஏற்றுகிறேன் என்று நான் என்னை ஏற்றி வைத்திருந்தேன்.

மனுஷ மனசைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். படித்தவர்கள் என்றைக்காவது கண்டுபிடிக்கலாம். ஆனால் யார் உட்கார்ந்து ஏற்றப்போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளுக்குக் காதில் வாங்க முடியாத ஒரு பேச்சு இருக்கும்.

"நீ ஏதாவது கேளும்மா" என்றான் மகன்.

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. அவனை எழுந்து போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அடித்தேன். இரண்டு தடவை அழித்து அடிக்க வேண்டியிருந்தது.

"எனக்கு மகன் ஒருவர். அவர் சென்னையில் பணிபுரிகிறார்."

முதல் நாள் நான் அடித்தது, எழுத்து மாறாமல் திரும்பி வந்தது. அதில் துக்கம் இல்லை. அவரை ஒரு வழியாக நிம்மதியாக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. பாப்பாவை ஞாபகம் வைத்திருந்தது உலகத்தில் இரண்டு பேர். அதில் ஒருவர் போய்விட்டார். போகிறபோது அவளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பது தெரியும். ஊரில் யாரோ சொல்லித் தெரியும். என்னிடம் கேட்டதில்லை. கேட்க முடியாதபடி நான் வைத்திருந்தேன்.

"அம்மா" என்றான். "அப்பா அக்காவைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். நாக்கு நுனி வரை வந்தது.

"தினமும் சொன்னாருடா. நான்தான் அடிக்கல."

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து போய், அவன் அப்பா தினமும் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இப்ப அடிம்மா" என்றான்.

புதுப் பக்கம் திறந்தேன். விரல் பழக்கத்தில், "விடுபட்டதைச் சேர்க்க வேண்டி" என்று தலைப்பு அடித்துவிட்டது. அதை அழித்தேன். பிறகு அவர் சொன்னது சொன்னபடி, வாய் விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். மகனும் கேட்க வேண்டும் என்று. வார்த்தைக்கு வார்த்தை கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டது. ஒன்றையும் திருத்தவில்லை.

பாப்பா குழாய்க்குள்ள இருக்கு. நான் இன்னும் தொறக்கலைல்ல?

அதற்குக் கீழே, இரண்டு வருஷம் நான் விஷயத்துக்கு வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், என் பதிலை அடித்தேன்.

இல்லங்க. இன்னும் தொறக்கலை. நீங்க போயி பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க.